பெரியம்மாவை ஏற்றிச் சென்ற வெள்ளை வேன்

விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா போனில் கூப்பிட்டார். "பெரியம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே. நீ பதறாம காப்பி குடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அப்படியே செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுச் சமையலறையில் நின்று காப்பி கலந்தேன், குடித்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சர்க்கரை போடவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. காரை எடுக்கத் தைரியம் வரவில்லை. சென்ட்ரல் ரயில் நிலையம் வரைக்கும் நடந்து போய்க் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன். ரயிலில் எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணாடி பார்த்து மை தீட்டிக்கொண்டிருந்தாள். ரயில் குலுங்கியும் கோடு கோணவில்லை. அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மூன்று பேரில் மூத்தவர். அடுத்தது மாமா, கடைசி அம்மா. அவர்களுடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அவரும் மனைவியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாராம். மறு வாரமே படிப்பை விட்டுவிட்டு கிள்ளானில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். தம்பியையும் தங்கையையும் வளர்த்தார், கட்டிக்கொடுத்தார். தான் கட்டிக்கொள்ளவில்லை. சூப்பர்வைசராக ஓய்வு பெற்ற பிறகு கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டார். என் அப்பா இறந்ததும் அம்மாவும் அங்கே போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் யார் செத்தாலும் டாக்டருக்கு முன்னால் பெரியம்மாவுக்குத்தான் போன் போகும். அவருடைய சின்ன காரின் பின்பெட்டியில் ஒரு பித்தளைக் குடம், கோரைப் பாய், திரி, கற்பூரம், ஒரு பொட்டலம் பச்சரிசி எல்லாம் எப்போதும் இருக்கும். சாவு வீட்டுக்குள் அவர் கால் வைத்தவுடன் அழுகிறவர்கள் கூடக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். யார் கோடி போட வேண்டும், யார் குடம் எடுக்க வேண்டும், நெய்ப்பந்தம் பிடிக்கிற பேரப் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எல்லாம் அவர் வாயில்தான். என் அப்பாவின் சாவில் சடங்கு செய்ய வந்த ஐயா எதையோ தாண்டிப் போகப் பார்த்தார். "ஐயா, உங்களுக்கு வேற எடத்துக்குப் போவணும்னா போங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் பெரியம்மா. அந்த மனிதர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அப்படிப்பட்டவருடைய சாவுக்குத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வந்த முதல் எண்ணம், இனி யாரைக் கேட்பது என்பதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் நடந்த சாவு என்று போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போயிருந்தார். பெரியம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுத முகமாக இல்லை. என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அம்மா எப்போதுமே அதிகம் பேசாதவர். அக்கா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் சத்தமாகப் பேச, நடுவில் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்தே காலத்தை ஓட்டியவர்.

மாமா செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்கிறார். பாசாரிலிருந்து நேராக லோரியில் வந்து இறங்கினார். லோரியில் வாழைமரம், தேங்காய், வெற்றிலைக் கட்டு, பூ எல்லாம் இருந்தன. இறங்கும்போதே "அக்கா... என்னை விட்டுட்டுப் போயிட்டியே அக்கா" என்று அவர் அலறியது தெருமுனை வரை கேட்டது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வாசலுக்கு வந்து கைகூப்பினார். அழுதுகொண்டே மாமா கூடாரம் போடுகிறவர்களை அதட்டினார், பெட்டிக்குச் சொன்னார், மின்சுடலைக்குப் போன் செய்தார். அக்காவைப் போலவே செய்யப் பார்த்தார்.

பதினொரு மணி வாக்கில் அந்த வெள்ளை வேன் வந்தது.

பெட்டி வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவர் ஒரு மலாய்க்காரர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, யாரிடம் பேசுவது என்று சுற்றிப் பார்த்தார். அம்மா எழுந்து நின்றார்.

"நான்தான் காலைல கூப்பிட்டேன்" என்று அவரிடம் மலாயில் சொன்னார்.

மாமா நடுவில் வந்தார். "யாரு இவங்க?"

"யுனிவர்சிட்டிலேருந்து வந்திருக்காங்க. அக்கா உடம்ப எடுத்துட்டுப் போவ. டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்களுக்கு."

கூடாரம் போடுகிறவர்கள் கூட வேலையை நிறுத்தினார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சியில் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தேன். அவர் என் கையை எடுத்து விலக்கினார்.

"என்ன பேசற நீ? யாரு குடுத்தா? யாரு சொன்னா?" என்றார் மாமா.

"அக்காதான் எழுதிக் குடுத்திருச்சு. வீட்டாளு ஒருத்தரு கையெழுத்துப் போடணும்னாங்க. நான் போட்டேன். போட்டு ரெண்டு வருசமாச்சு."

"நீ போட்டியா?" மாமா அம்மாவை நெருங்கி வந்தார். "கோழிய அறுக்கிற மாதிரி அறுப்பானுங்க. தெரியுமா ஒனக்கு? அம்மா மாதிரி வளத்தவள... எரிக்காம, கொள்ளி போடாம... ஊர்ல அத்தன பேருக்கும் முறையா செஞ்சு அனுப்புனது அது. அதுக்கு ஒண்ணும் கெடையாதா? விட மாட்டேன்லா. நான் செத்தாதான் இந்த வேன் நகரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெளியே போய் வேனுக்கு முன்னால், தார் ரோட்டில், வெயிலில் உட்கார்ந்துவிட்டார். அத்தை போய்க் கையைப் பிடித்து இழுத்தார். நகரவில்லை. உறவுக்காரர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேச ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் மாமா பக்கம்தான். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பக்கம்தான். பெரியம்மா உள்ளே சந்தனப் பொட்டோடு படுத்திருந்தார். அந்த உடம்பின் மேல் கத்தி படும் என்ற நினைப்பு வந்தது. பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற இடத்தில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா ரோட்டில் இருந்தார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணனுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கேளுங்க. ஃபேக்டரியில அக்கா கூட வேலை செஞ்ச ஒரு அம்மாவ ஆஸ்பத்திரியில போட்டிருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பாக்கப் போனோம். ஒரு டாக்டர் புள்ள, புதுசு, ஊசி குத்த நரம்பு கெடைக்காம திரும்பத் திரும்பக் குத்துது. அந்தம்மா கத்துறாங்க. டாக்டர் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி. அக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா? ரவிக்கைக் கைய மேல ஏத்திவிட்டு, 'இங்க வா பாப்பா, என் கையில குத்திப் பழகு. பழகாம எப்படி வரும்?'னு நீட்டுச்சு. நர்ஸு ஓடி வந்து ஏசுனாங்க. அப்புறம் அந்தப் புள்ளைகிட்டயே கேட்டுச்சு, நீங்கள்லாம் எப்படிப் படிக்கிறீங்கன்னு. அது சொல்லித்தான் இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும். மறுவாரமே யுனிவர்சிட்டிக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்திருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ரோட்டுல உக்காருவீங்கன்னு அதுக்குத் தெரியும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் அம்மா அப்படிப் பேசி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மலாய்க்காரர் மெல்ல வந்து மாமாவின் பக்கத்தில் குனிந்தார். "தாக் அப்பா, அங்கிள். செம்பாயாங் டூலு. காமி துங்கு." பரவாயில்லை, முதலில் உங்கள் சாமி காரியத்தை முடியுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வேனின் பின்கதவைச் சாத்திவிட்டுப் போய் எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டார்.

மாமா எழுந்தார். உள்ளே வந்து குளித்தார். எல்லாம் நடந்தது. எண்ணெய் வைத்து, சீயக்காய் வைத்து, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டோம். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுத்தது என்ன என்று சொல்ல ஆளில்லை. ஓரிடத்தில் சடங்கு செய்ய வந்த ஐயாவே திணறினார். கொள்ளிக்குடம் தூக்குவதா வேண்டாமா என்று அவருக்கும் தெரியவில்லை. "எரிக்கப் போறதில்லையே" என்றார். மாமா குடத்தைத் திண்ணென்று தோளில் வைத்துச் சுற்றி வந்து, வாசலில் போட்டு உடைத்தார்.

தூக்குகிற நேரம் வந்தபோது, "வேற எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவரும் அவர் மகனும்தான் பெரியம்மாவைத் தூக்கி வேனில் வைத்தார்கள். கதவு சாத்தியதும் மாமா அம்மாவைப் பார்த்து, "இனி ஒனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்றார். லோரியில் ஏறிப் போய்விட்டார். வாழைமரம் இன்னும் லோரியில்தான் இருந்தது.

கூடாரத்துக்கு அடியில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சாவு நடந்த வீட்டில் சுடுகாட்டுக்குப் போகாமல் நாங்கள் எல்லோரும் சும்மா நின்றோம். அதன் பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அம்மாதான் துடைப்பத்தை எடுத்துப் பானை ஓடுகளைக் கூட்டினார்.

கருமக்கிரியையைப் படத்தை வைத்துச் செய்தோம். மாமா வரவில்லை. எனக்கு மட்டும் அது முடியவே இல்லை. சாம்பல் இல்லை, கடலில் கரைக்கவில்லை. பெரியம்மா எங்கே இருக்கிறார் என்று யோசித்தால் ஒரு குளிர்ப்பெட்டிதான் நினைவுக்கு வரும். அம்மா சர்வ சாதாரணமாக, "பள்ளிக்கூடத்த பாதியில விட்டவ, இப்ப யுனிவர்சிட்டிக்குப் போயிருக்கா" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் எல்.ஆர்.டி. ரயிலில் மருத்துவ மாணவன் ஒருவன் வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு கறி பாப் தின்றுகொண்டிருந்தான். நான் அவனுடைய விரல்களையே பார்த்தேன். இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்க மறந்துவிட்டேன்.

பல மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. மாணவர்கள் வீட்டுக்கு வர வேண்டுமாம். கத்தி எடுப்பதற்கு முன்னால், அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று குடும்பத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அங்கே வழக்கமாம். அம்மா அத்தையிடம் சொல்லி மாமாவுக்கும் சேதி அனுப்பினார். வர மாட்டேன் என்று பதில் வந்தது.

மூன்று பேர் வந்தார்கள். ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பையன், ஒரு தமிழ்ப் பெண். ஒரு கூடை பழம் வாங்கி வந்திருந்தார்கள். பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் மூவரும் தலை குனிந்து நின்றார்கள். படத்தில் இருக்கும் முகத்தை அவர்கள் ஏற்கனவே பார்த்திருப்பார்களா என்று நினைத்தேன்.

"நாங்க அவங்கள டீச்சர்னுதான் சொல்லுவோம் ஆன்டி" என்றாள் தமிழ்ப் பெண். "டீச்சரப் பத்திச் சொல்லுங்க. அவங்க எப்படிப்பட்டவங்க?"

கண்டிப்பானவர் என்றேன். நல்லவர் என்றார் அத்தை. எல்லாச் சாவுக்கும் போவார் என்று ஒருவர் சொன்னார். சீனப் பையன் எழுதுவதற்காகப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். அவருக்கு எது பிடிக்கும் என்று மலாய்ப் பெண் கேட்டாள். "டீ" என்றார் அம்மா. அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பது வருடமாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நான்கு வாக்கியம் கூட இல்லை.

"அக்கா தன்னப் பத்தி யாருகிட்டயும் சொல்லாது. நான் சொல்றேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மாமா. லோரியை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

உள்ளே வந்து மாணவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கினார். அவர் வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷன் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இது கத்திக் குத்து" என்றார் மாமா. அத்தை "என்னங்க இது" என்று எழுந்தே விட்டார். அவருக்கும் தெரியாது. "எனக்கு அப்ப இருவது வயசு இருக்கும். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கும்பல்ல சேந்து சுத்திக்கிட்டிருந்தேன். ரெண்டு கும்பலுக்கும் சண்டை. குத்திட்டானுங்க. ஆஸ்பத்திரியில அன்னிக்குப் பெரிய டாக்டர் இல்ல. சின்னப் பையன் ஒருத்தன்தான் தச்சான். ஒங்க வயசுதான் இருக்கும். கை நடுங்குது அவனுக்கு. எனக்கு அரை மயக்கம். ஆனா கேட்டுச்சு. எங்கக்கா ஃபேக்டரி உடுப்போட பக்கத்துல நின்னுக்கிட்டு, 'ஒண்ணுமில்ல தம்பி, நிதானமா தையி. நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லுச்சு. என்கிட்ட இல்ல. அவன்கிட்ட..."

அதோடு மாமா நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லை இப்போதுதான் கேட்டவர் போல மாணவர்களைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சீனப் பையன் எழுதுவதை நிறுத்தியிருந்தான்.

பிறகு சட்டையை இறக்கிவிட்டு மீதியைச் சொன்னார். தம்பி பிழைத்ததும் பெரியம்மா நேராகக் கும்பல் தலைவன் வழக்கமாக உட்காருகிற காப்பிக் கடைக்குப் போனாராம். அவனுடைய மேசையிலேயே உட்கார்ந்து ஒரு டீ சொன்னாராம். "என் தம்பியக் கூட்டிட்டுப் போவ வந்தேன்" என்றாராம். அவன் சிரித்தானாம். கடை சாத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் வேலை முடிந்ததும் மறுபடியும் போனாராம். அதற்கு மறுநாளும். கடைசியில் அவனே, "இவனை இழுத்துட்டுப் போங்கக்கா. ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எனக்கு டீ எறங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டானாம். அந்த வாரமே மாமாவைச் செலாயாங்கில் ஒரு சீனத் தவுக்கேயின் காய்கறிக் கடையில் கூடை தூக்கச் சேர்த்துவிட்டார்.

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. காய்கறிக் கூடையோடு வாழ்ந்த என் மாமா கும்பலோடு திரிந்தவர். கற்பூரமும் பச்சரிசியுமாக அலைந்த என் பெரியம்மா கும்பல் தலைவன் மேசையில் உட்கார்ந்து டீ குடித்தவர். ஒரே குடும்பமாக இத்தனை வருடம் இருந்திருக்கிறோம். அன்று மாமா வெளிச்சம் மங்குகிற வரைக்கும் பேசினார். ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாணவர்களின் வேலை முடிந்ததும், உடம்பைத் திருப்பித் தருகிறோம் என்று எங்களை அழைத்தார்கள். ஒரு மண்டபத்தில் விடைகொடுக்கும் நிகழ்ச்சி. அந்தச் சீனப் பையன் பெரியம்மாவின் கதையை ஆங்கிலத்தில் வாசித்தான். காப்பிக் கடை வந்த இடத்தில் மண்டபமே சிரித்தது. வாசித்து முடிக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். பிறகு எங்களை உள்ளே கூட்டிப் போனார்கள்.

நான் பயந்த எதையும் பார்க்கவில்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய ஊதாப் பட்டுச் சேலையில் பெரியம்மா படுத்திருந்தார். சிறுத்திருந்தார். முகம் அவர் முகமாகவே இருந்தது. தமிழ்ப் பெண் அம்மாவின் அருகில் வந்து, "ஆன்டி, சேலை சரியா இருக்கா? நாங்க மூணு பேரும்தான் கட்டுனோம். யூட்யூப் பாத்துப் பழகினோம்" என்று தயங்கினாள். கொசுவம் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. அம்மா அதைச் சரி செய்யக் கையைக் கொண்டு போனார், பிறகு எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கு பாப்பா" என்றார்.

மின்சுடலைக்கு மாணவர்களும் வந்தார்கள். மாமா மொட்டை போட்டிருந்தார். பெரியம்மாவின் நெஞ்சில் கற்பூரம் வைத்து ஏற்றினார். மலாய்ப் பெண் தலைத்துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவு மூடியது.

மறுநாள் காலை போர்ட் கிள்ளான் போய்ப் படகில் கொஞ்ச தூரம் சென்று சாம்பலைக் கரைத்தோம். படகுத்துறைக்குத் திரும்பி வந்ததும் எல்லோரும் காரில் ஏறினார்கள். மாமா லோரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றார். அம்மா அவரைத் தாண்டி என் காருக்கு வந்துகொண்டிருந்தார்.

"ஏய்" என்றார் மாமா. அம்மா நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அக்கா வேற என்னா சொல்லுச்சு?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு லோரியில் ஏறினார். அவ்வளவு உயரமான வண்டியில் அம்மா ஏறி நான் பார்த்ததில்லை. நான் லோரிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். லோரி கேபினின் பின்பக்கச் சின்னக் கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று மொட்டை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பார்த்தேன். அம்மாவின் கை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. கிள்ளான் வருகிற வரைக்கும் அம்மாதான் பேசிக்கொண்டு வந்தார்.